குறட்டை விடுபவருக்கு விழிப்பு நிலையில் மூளை அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் கட்டி, அதுவும் பேச்சுப் பகுதிக்கு அருகில். விழித்திருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்ததாக மயக்கவியல் மருத்துவரான என்னைப் பார்க்க அனுப்புகிறார்கள். அங்கே வந்து உட்காரும் குடும்பத்தினர் கட்டியைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது குறட்டையைப் பற்றி. அந்த இடத்தில் தொடங்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளை எதற்காக விழிக்க வைக்கிறீர்கள்?

பேச்சு, கை கால் அசைவு ஆகியவற்றை ஆளும் இடங்கள் எல்லோருக்கும் அச்சடித்தாற்போல ஒரே இடத்தில் இருப்பதில்லை. கட்டி வளரும்போது அவை ஒதுங்கியும் போயிருக்கலாம். அறுவை மருத்துவர் மெல்லிய மின்தூண்டலால் மூளையின் மேற்பரப்பை ஒவ்வோர் இடமாகத் தொடுவார். அதே நேரத்தில் நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வார். ஓரிடத்தைத் தொட்டதும் "இது... இது..." என்று நாக்கு நின்றுபோனால், அந்த இடத்தில் கத்தி படக்கூடாது. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு வலிப்பு நோயாளிகளுக்கு இந்த முறையைக் கையாண்டு பெரிதும் வளர்த்தார். 1934இல் அவர் அங்கே தொடங்கிய நரம்பியல் நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

வலிக்காதா?

மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறைக்கும் தெரியும். அதனால் தலையின் இரு புறமும் நெற்றி, பொட்டு, காதோரம், பிடரி ஆகிய இடங்களில் பக்கத்துக்கு ஆறு நரம்புகளை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வோம். ரோபிவகெய்ன் அல்லது பியூபிவகெய்ன் மருந்துடன் சிறிது அட்ரினலின் கலந்து போடுவது வழக்கம். இந்த ஊசி சரியாக அமைந்தால் மற்ற மருந்துகளின் தேவை பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம். குறட்டைக்காரர்களுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

குறட்டை விடாதவர் யார்? அதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

வெறும் குறட்டை என்றால் கவலை இல்லை. குறட்டை நடுவில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒருமுறை ஒரு பெண்மணி, தன் கணவர் தூங்கும்போது கைபேசியில் பதிவு செய்ததை எனக்குப் போட்டுக் காட்டினார். மின்விசிறியின் கிறீச்சொலிக்கு நடுவே குறட்டை ஏறி ஏறி உச்சத்துக்குப் போகிறது. சட்டென்று அறுந்து மௌனம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 22 விநாடி. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு பெருமூச்சு. அதன்மேல் அந்தப் பெண்மணியின் தூக்கக் கலக்கக் குரல்: "திரும்பிப் படுங்க." பத்து ஆண்டுகளாக இரவுதோறும் அவர் செய்துவந்த வைத்தியம் அது. நல்ல வைத்தியம்தான். மல்லாந்து படுக்கும்போது நாக்கும் தொண்டையின் மென்சதையும் பின்னால் சரிந்து காற்றுப்பாதையை அடைக்கின்றன. ஒருக்களித்தால் வழி கிடைக்கிறது.

பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றால் அதை மூச்சுத்தடை என்கிறோம். மூச்சு முழுவதும் நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு ஐந்து முறை முதல் பதினைந்து வரை நேர்ந்தால் லேசானது. முப்பதைத் தாண்டினால் கடுமையானது. இதற்குத்தான் ஸ்லீப் ஆப்னியா என்று பெயர்.

அது தூக்கத்தில் வரும் நோய். அறுவையின்போது விழித்துத்தானே இருக்கப்போகிறார்?

மிகச் சரியான கேள்வி. பலர் இதைக் கேட்பதே இல்லை.

விழித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அவருக்கு உண்மையில் ஆபத்து குறைவு. பேசுபவரின் தொண்டை திறந்தே இருக்கும். ஆனால் "விழிப்பு நிலை அறுவை" என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும் பெயர். தலையைக் கவ்வியில் பொருத்துவது, தோலைக் கீறுவது, எலும்பை அறுப்பது ஆகிய முதல் கட்டத்திலும், எல்லாம் முடிந்து மூடித் தைக்கும் கடைசிக் கட்டத்திலும் பெரும்பாலானவர்களுக்கு லேசான மயக்கம் கொடுப்பது வழக்கம். எலும்பை அறுக்கும் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டாமே என்பதும் ஒரு காரணம். அந்த மயக்கம் தூக்கத்தைவிட ஒரு படி மோசம். தூக்கத்தில் மூச்சு அடைத்தால் மூளை உடம்பைத் தட்டி எழுப்பிவிடும். மயக்க மருந்து அந்தக் காவலாளியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடுகிறது.

ஆகவே ஆபத்து நாங்கள் கொடுக்கும் மருந்தில் இருக்கிறது. ஸ்லீப் ஆப்னியா உள்ளவரிடம் என் முதல் முயற்சி, மருந்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பது. தோல் நன்றாக மரத்து, நோயாளி மனத்தளவில் தயாராக இருந்தால், தொடக்கம் முதல் முடிவு வரை மயக்கமே இல்லாமல் செய்வதும் உண்டு. கேட்கக் கரடுமுரடாக இருக்கும். காதில் பஞ்சும் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு செவிலியரும் இருந்தால் பலர் தாங்கிக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் மூச்சு குறைந்தால் ஆக்சிஜன் வைத்துச் சரிசெய்ய முடியாதா?

ஆக்சிஜனைச் சரிசெய்யலாம். கரியமில வாயுவை அப்படிச் செய்ய முடியாது. மூளை அறுவையில் எங்களை அதிகம் அச்சுறுத்துவது இதுதான்.

மூச்சு குறையும்போது ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது. இயல்பான அளவு, பாதரச அழுத்தக் கணக்கில், 35 முதல் 45 மில்லிமீட்டர். இது ஒரு மில்லிமீட்டர் ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் 3 முதல் 4 சதவீதம் கூடும். 40 இருந்தது 55 ஆனால் ரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி அதிகமாகிவிடுகிறது. மண்டையோடு மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். இங்கோ ஒரு பக்கம் திறந்திருக்கிறது. உப்பிய மூளை அந்தத் திறப்பின் வழியே வெளியே பிதுங்கும். அறுவை மருத்துவர் தலையைத் தூக்காமலேயே "மூளை இறுக்கமாக இருக்கிறதே" என்பார். எங்களுக்கு அதைவிடப் பெரிய கண்டனம் வேறில்லை.

முழு மயக்கத்தில் இருப்பவர் என்றால் வென்டிலேட்டரைக் கூட்டிச் சில நிமிடங்களில் கரியமில வாயுவை இறக்கிவிடலாம். தானாக மூச்சு விடுபவரிடம் அந்தப் பிடி எங்கள் கையில் இல்லை. எழுப்பி, "ஐயா, ஆழமாக இழுத்து விடுங்கள்" என்று கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

அடைத்த தொண்டையோடு மூச்சிழுக்கப் போராடுபவரின் நெஞ்சுக்குள் எதிரழுத்தம், அதாவது உள்ளே உறிஞ்சும் அழுத்தம், ஏற்படுவதும் ஒரு தொல்லை. தலை இதயத்துக்கு மேலே உயர்ந்திருப்பதால், வெட்டுப்பட்ட சிரைகளின் வழியே அந்த எதிரழுத்தம் காற்றை உள்ளே உறிஞ்ச வாய்ப்பு உண்டு.

பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினால் போதாதா?

போதாது. கூடுதல் ஆக்சிஜன் பெறுபவரின் மூச்சு நின்று நீண்ட நேரம் ஆன பிறகுதான் அந்த எண் இறங்கத் தொடங்கும். அதுவரை 98 என்று நிம்மதியாகப் பொய் சொல்லும். அதனால் மூக்குக் குழாயுடன் ஒரு மெல்லிய மாதிரிக் குழாயும் வைத்து, வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள கரியமில வாயுவை கேப்னோகிராஃப் திரையில் அலையாகப் பார்க்கிறோம். அலை தட்டையானால் அந்த நொடியே தெரிந்துவிடும். வாயால் மூச்சு விடுபவரிடமும் பேசிக்கொண்டிருப்பவரிடமும் கேப்னோகிராஃப் காட்டும் அளவு சரியாக வராது. அப்போது கண்ணும் காதும்தான் கருவி. நோயாளியின் முகத்தை மறைக்காதபடி பச்சைத் துணியைக் கூடாரம்போலத் தூக்கிக் கட்டி, உள்ளே ஒரு முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்போம். வீட்டில் குறட்டை நின்றால் நிம்மதி. அந்தக் கூடாரத்துக்குள் குறட்டை நின்றால் எழுந்துவிடுவோம்.

இதுவரை தூக்க ஆய்வு எதுவும் செய்ததில்லை. இப்போது செய்ய வேண்டுமா?

நாள் இருந்தால் செய்யலாம். கட்டி வேகமாக வளர்கிறது என்றால் ஆய்வுக்காக அறுவையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. டொராண்டோவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஃபிரான்சிஸ் சங்கும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் எங்களுக்குப் போதும். ஸ்டாப்-பேங் என்று பெயர். உரத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன் எண் 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்ற எட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் ஆய்வு செய்யாவிட்டாலும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர் என்றே எடுத்துக்கொண்டு நடப்பேன்.

நம் ஊர் உடல்வாகுக்கு 35 என்ற எல்லை பெரிது. பார்வைக்குக் குண்டாகத் தெரியாதவர், சிறிய தாடை, குட்டைக் கழுத்து, அவ்வளவுதான். இரவெல்லாம் மூச்சு நின்று நின்று வருகிறது. ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் 28ஐத் தொட்டிருந்தாலும் காது விடைக்கும். பல மாதங்களாகக் கரியமில வாயு தேங்கி, உடல் அதற்கு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்பதன் சாயல் அது.

மூளைக் கட்டியால் இந்த மூச்சுத்தடை வந்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. மூளைத்தண்டில் இருக்கும் கட்டி மூச்சின் தாளத்தையே குலைக்கலாம், அது வேறு வகை. பேச்சுப் பகுதியின் கட்டிக்கும் தொண்டை அடைப்புக்கும் தொடர்பு கிடையாது.

எந்த மருந்துகளைக் கொடுப்பீர்கள், எவற்றைத் தவிர்ப்பீர்கள்?

டெக்ஸ்மெடிடோமிடின்தான் எங்கள் முதல் தேர்வு. மூளைத்தண்டில் விழிப்பைக் காக்கும் இடத்தில் வேலை செய்து, இயற்கைத் தூக்கத்தை ஒத்த ஒரு நிலையைக் கொடுக்கிறது. மூச்சு விடும் உந்துதலை அதிகம் கெடுப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார். கிலோவுக்கு மணிக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம் வரை ஓடவிடுவார்கள். ஸ்லீப் ஆப்னியா என்றால் நான் கீழ்ப்படியிலேயே நிற்பேன். மின்தூண்டல் தொடங்குமுன் இன்னும் குறைப்போம் அல்லது நிறுத்திவிடுவோம். ஆனால் இதைக் காற்றுப்பாதைக்குத் தீங்கே செய்யாத மருந்து என்று நம்பிவிடக்கூடாது. தூக்கத்தில் சரியும் தொண்டை இதிலும் சரியும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும்.

மயக்க மருந்தான புரோபோஃபால் தொண்டைத் தசைகளைத் தளரவிடுகிறது. மார்ஃபின் வகை வலிமருந்தான ரெமிஃபென்டனில் மூச்சின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, ஆனால் நிறுத்திய சில நிமிடங்களில் கரைந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஓடவிடுவது மற்றவர்களுக்குச் சரி, இவர்களுக்கு வலிய வம்பை வாங்குவது. தூக்க மருந்தான மிடாசோலம் கொடுப்பதே இல்லை. மூச்சு ஒரு காரணம். பெயர் சொல்லும் தேர்வில் நோயாளி தடுமாறினால் அது மின்தூண்டலாலா, மருந்தாலா என்று தெரியாமல் போவது இன்னொரு காரணம்.

ஸ்லீப் ஆப்னியாவுக்காக இரவில் மாட்டும் சிபாப் கருவியை அறுவையின்போதும் மாட்டிவிடலாமா?

மாட்டலாம், செய்தும் இருக்கிறார்கள். 1980இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் இதைச் செய்துகாட்டியதிலிருந்து தத்துவம் மாறவில்லை. காற்றின் அழுத்தத்தால் தொண்டையை உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துவது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகை இதற்கு ஏற்றது. வாய் விடுபட்டிருப்பதால் பேச முடியும். ஆனால் வாயைத் திறந்தவுடன் அழுத்தம் கசிந்துவிடும். அதனால் மயக்கக் கட்டங்களில் வைப்பதும் பேச்சுத் தேர்வின்போது எடுப்பதும் நடைமுறை. முகக்கவசத்தின் பட்டைகள் அறுவைப் பகுதிக்குக் குறுக்கே போகாதபடி முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டுகிறார் என்றால் மூச்சு முட்டுகிறது என்று பிய்த்துப் போடுவார். அவர் வீட்டுக் கருவி, அவர் பழகிய கவசம் என்றால் பாதிப் பிரச்சினை இல்லை.

இன்னொரு வழி, மூக்கின் வழியே சூடும் ஈரமும் ஏற்றிய காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் உயர்வேக ஆக்சிஜன் கருவி. தொண்டையில் தேங்கும் கரியமில வாயுவை அலசி வெளியேற்றும், சிறிது அழுத்தமும் கொடுக்கும். பேச்சுக்கும் தடை இல்லை. எனக்கு இதுதான் பிடித்தமானது. ஆனால் அத்தனை வேகத்தில் கேப்னோகிராஃபின் அலை கலைந்துபோகும். துணிக்கடியில் ஆக்சிஜன் தேங்கினால் மின்கத்தியின் பொறியில் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. முடிந்தவரை ஆக்சிஜன் விகிதத்தைக் குறைத்து, கூடாரத்தைத் திறந்துவைக்கிறோம்.

மூச்சுக்குழலில் குழாய் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

முதல் கட்டத்தில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முழு மயக்கம், தொண்டையில் லாரிஞ்சியல் மாஸ்க் (மூச்சுக்குழலுக்குள் போகாமல் குரல்வளையின் மேல் உட்காரும் குழாய்), மூளை திறந்ததும் அதை எடுத்துவிட்டு எழுப்புவது, வேலை முடிந்ததும் மறுபடி மயக்கம். கடுமையான மூச்சுத்தடை உள்ளவருக்கு முதல் கட்டத்தில் இது அரை மயக்கத்தைவிடப் பாதுகாப்பானது என்று வாதிட இடமுண்டு. கரியமில வாயு கட்டுப்பாட்டில் இருக்கும். சிக்கல் எடுக்கும்போதும் மறுபடி போடும்போதும். விழிக்கையில் இருமினால் திறந்த மூளை உப்பும். தலை மூன்று ஆணிகளால் கவ்வியில் இறுகியிருக்கையில், பக்கவாட்டில் படுத்திருப்பவரின் வாய்க்குள் எதிர்ப்புறமிருந்து மறுபடி மாஸ்க்கைச் செருகுவது சின்ன வித்தை அல்ல.

எப்படிப் படுக்க வைப்பீர்கள்?

ஒருக்களித்து அல்லது அரை ஒருக்களிப்பில். மேல்பாதி சற்று உயர்ந்திருக்கும். அந்தப் பெண்மணியின் "திரும்பிப் படுங்க" வைத்தியத்தை ஆபரேஷன் தியேட்டரில் முன்கூட்டியே செய்துவிடுகிறோம், ஏனென்றால் தலையைக் கவ்வியில் பூட்டிய பிறகு திருப்பவே முடியாது. பூட்டுவதற்கு முன் தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று கைவைத்துப் பார்ப்பேன். கழுத்து அதிகம் குனிந்தால் குறட்டை இல்லாதவருக்கும் மூச்சு அடைக்கும். அறுவை மருத்துவருக்கு வசதியான கோணமும் மூச்சுக்கு வசதியான கோணமும் ஒத்துப்போவதில்லை. அந்த ஐந்து நிமிடச் சச்சரவை அப்போதே முடித்துக்கொள்வது நல்லது. நான் இறங்கிவருவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் நடுவில் மூச்சு நின்றால்?

முதலில் மருந்தை நிறுத்துவோம், பேர் சொல்லி எழுப்புவோம், தாடையை முன்னோக்கித் தூக்குவோம். பத்தில் ஒன்பது நேரம் இதோடு சரியாகும். சரியாகாவிட்டால் மூக்கின் வழியே மென்குழாய் ஒன்றைத் தொண்டை வரை செலுத்தலாம். மூக்கில் ரத்தம் கசிந்தால் நிலைமை மோசமாகும் என்பதால் நன்றாக வழவழப்பாக்கி, மெதுவாக. அதற்கும் மசியாவிட்டால் லாரிஞ்சியல் மாஸ்க், பிறகு, குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் கொண்டு மூச்சுக்குழாய். இவை எல்லாம் உறை பிரித்து, கைக்கெட்டும் தூரத்தில், யார் எதைச் செய்வது என்று பேசி வைத்திருக்க வேண்டும். முழு மயக்கத்துக்கு மாறினால் பேச்சுத் தேர்வு அன்றைக்கு நடக்காது. அறுவை மருத்துவர் எடுக்க நினைத்ததைவிடக் குறைவாக எடுத்து நிறுத்திக்கொள்வார். உயிர் முதலில்.

மின்தூண்டலால் வலிப்பு வருமாமே?

வரலாம். குளிர்ந்த உப்புநீரை மூளைமேல் ஊற்றியவுடன் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கிய பின் வரும் அசதியில்தான் ஸ்லீப் ஆப்னியாக்காரரின் தொண்டை சரியும். எல்லோரும் மூச்சை விட்டு நிம்மதியாகும் அந்த நேரத்தில் நாங்கள் நிம்மதியாவதில்லை.

யாருக்கு இது வேண்டாம் என்று சொல்வீர்கள்?

மணிக்கு முப்பதைத் தாண்டிய மூச்சுத்தடை, மிகுந்த பருமன், சிபாப் பயன்படுத்த மறுப்பு, முன்பு மூச்சுக்குழாய் போடவே சிரமப்பட்ட வரலாறு. இவை ஒன்றுசேர்ந்தால் வேண்டாம் என்பேன். பதற்றத்தால் நான்கு மணி நேரம் அசையாமல் படுக்க முடியாதவருக்கும் அப்படியே. அமைதிப்படுத்த மருந்து கொடுக்க வேண்டிவரும், மருந்துதான் ஆபத்து என்று மேலே சொன்னேன். ஸ்லீப் ஆப்னியா மட்டும் இருப்பதால் ஒருவரை ஒதுக்குவதில்லை.

அறுவை முடிந்த இரவு சிபாப் போடலாமா?

அறுவை மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை திறந்திருந்தாலோ, மண்டையோட்டின் அடித்தளத்தில் கிழிசல் இருந்தாலோ, கருவி அழுத்தும் காற்று மண்டைக்குள் புகுந்து மூளையை அழுத்தும். அப்படி எதுவும் இல்லையென்றால் போடலாம், பெரும்பாலும் போடுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் தலையை 30 பாகை உயர்த்திப் படுக்க வைத்து, வலிக்கு பாரசிட்டமாலோடு முடிந்தவரை நிறுத்திக்கொள்வோம். மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சையும் குறைக்கும், கண்மணியையும் சுருக்கும். மூளை அறுவைக்குப் பின் கண்மணியைப் பார்த்துத்தான் பல முடிவுகள் எடுக்கிறோம்.

முதல் இரவில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். மூச்சுத்தடை பெரும்பாலும் உச்சத்தை எட்டுவது மூன்றாம் இரவில். முதல் இரண்டு இரவுகள் கெட்ட தூக்கத்துக்கு ஈடாக அப்போது ஆழ்ந்த கனவுத் தூக்கம் வருகிறது. அதற்குள் நோயாளி பொது வார்டுக்கு மாறியிருப்பார், மானிட்டர் கழற்றப்பட்டிருக்கும். பக்கத்தில் துணைக்கு இருப்பவரிடம் இதை நான் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இரவில் என்ன நடக்கிறது என்பதை நோயாளி சொல்வதைவிட, பக்கத்தில் படுப்பவர் சொல்வதே எங்களுக்கு உதவும். "எனக்குக் குறட்டையே கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது பின்னால் நிற்கும் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பேன். தூக்க மாத்திரையும் மதுவும் எடுப்பவராக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் ஓர் இரவைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள். அடர்ந்த தாடி இருந்தால் கவசம் பொருந்தாது, மழிக்கச் சொல்வோம். சிபாப் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர் அறுவைக்கு முந்தைய சில வாரங்களாவது இரவுதோறும் மாட்டிப் பழகட்டும். சேரும் நாளில் கருவியையும் கவசத்தையும் எடுத்துவாருங்கள், மின்கம்பியோடு. கம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.